தறித் துணியும் என் வீட்டுக்காரர் காலும்

ராஜபாளையத்துப் பக்கம் எங்கள் ஊரில் தறிச் சத்தம் கேட்காத தெரு கிடையாது. ஆஸ்பத்திரிகளில் புண்ணுக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணிதான் நெய்கிறோம். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய். தறிக்கூடத்தில் தரையில் கிடக்கிற துணியைக் காலால் ஒதுக்கித் தள்ளிக்கொண்டே நடப்பார். அப்படி ஒருநாள் ஆணி குத்தியது. மரத்துப்போன கால், அவருக்கு உறைக்கவே இல்லை. ரத்தத்தைப் பார்த்து நான்தான் கத்தினேன். மனுஷன் கீழே கிடந்த துணியில் ஒரு முழம் கிழித்துச் சுற்றிக்கொண்டார்.

“ஏட்டி, ஊர் உலகத்துப் புண்ணுக்கெல்லாம் நம்ம துணிதான் போவுது. எனக்கு மட்டும் ஆவாதோ?”

ஆகவில்லை. கால் வீங்கி நாற்றமெடுத்த பிறகுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தார். அழுகியதை வெட்டியெடுத்து, சில நாள் படுக்க வைத்து அனுப்பினார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும், புண் ஆறாமல் மேலே ஏறினால் பாதத்தை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொன்னார். நொண்டிக்கொண்டு இரண்டு பஸ் ஏறி இறங்குவது நடக்கிற காரியமா? பாதம் போய்விட்டது என்றே நினைத்து அழுதேன்.

ஆனால் சொன்ன நாளில் எங்கள் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. பக்கத்துச் சுகாதார நிலையத்து நர்ஸ். பெரியாஸ்பத்திரியிலிருந்து தகவல் சொல்லியிருந்தார்களாம். கையைக் கழுவிவிட்டு ஒரு பேண்டேஜ் பாக்கெட்டைப் பிரித்தார். இவருக்கு வாய் சும்மா இருக்குமா? இது எங்கள் துணிதான், இழையைப் பார்த்தாலே தெரியும் என்றார்.

“நெய்ஞ்சது நீங்கதான் அண்ணாச்சி. வெளுத்து, கிருமி சாக அவிச்ச பொறவுதான் இது புண்ணுக்கு ஆவும்.”

மனுஷன் வாயை மூடிக்கொண்டார். கல்யாணமான நாள் முதல் என்னால் முடியாத காரியம் அது.

மழையிலும் அந்தப் பெண் வந்தார். போனில் படமெடுத்து டாக்டருக்கு அனுப்புவார், அவர் சொன்னபடி மருந்து மாற்றுவார். ஒருநாள் கட்டைப் பிரித்தபோது என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். கறுத்துக் கிடந்த குழியில் செக்கச்செவேலென்று புதுச் சதை. ஓரத்திலிருந்து மெல்லிசாகத் தோல் ஏறிக்கொண்டிருந்தது. அம்மாடி, எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. என்னையறியாமல் கும்பிட்டேன். புண்ணையா, அந்தப் பெண்ணையா என்று இன்றும் தெரியாது.

கட்டில்லாமல் அவர் வேலைக்குப் போன முதல் நாள் நானும் பின்னாலேயே போனேன். தரையில் துணி கிடந்தது. பழக்கத்தில் காலைத் தூக்கியவர் அப்படியே நின்றார். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் அதை எடுத்து மேலே வைத்தார்.