கோர்தோபாவில் மஞ்சள் சோறு

ஸ்பெயினில் வேலை பார்க்கும் மகன், எங்களை ஒருநாள் கோர்தோபாவுக்குக் கூட்டிப்போனான். பழைய ஊர். தோல் சாமான்களுக்கு அந்தக் காலத்திலேயே பேர் போனதாம். ஒரு கடையில் மருமகள் ஒரு பர்ஸை என் மூக்கருகே நீட்டினாள். "மாமா, தோல் வாசனை எவ்ளோ நல்லா இருக்கு, மோந்து பாருங்க."

மோந்தேன். சென்ட் அடித்திருந்தார்கள். அதற்கடியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். பர்ஸைத் திருப்பிக் கொடுத்தேன்.

எழுபதுகளில், ஆம்பூரில், தோல் வாசனை என்றால் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிக் கிடக்கும் ஆட்டுத்தோலின் அழுகல் நாற்றம். அந்தத் தோலிலிருந்து மயிரையும் கொழுப்பையும் வழித்துத் தள்ளுவதுதான் அப்பாவின் வேலை. வீட்டுக்கு வந்ததும் புளி, சீயக்காய், மண்ணெண்ணெய் என்று எதையெதையோ போட்டுக் கையைத் தேய்ப்பார். விரலிடுக்கில் நாற்றம் அப்படியே இருக்கும். சோற்றைக் கையில் எடுத்து வாயருகே கொண்டுபோனாலே ஓங்கரிப்பார். அதனால் ஸ்பூனில்தான் சாப்பிடுவார். கல்யாணப் பந்திக்கும் சட்டைப்பையில் ஸ்பூனோடுதான் போவார்.

"இன்னாப்பா, கையில சாப்ட்டா தொரைக்கு எறங்காதா?" என்று யாராவது கேட்க, பந்தியே சிரிக்கும். சிரித்தவர்களின் செருப்பெல்லாம் வாசலில் கிடக்கும். எல்லாம் தோல் செருப்பு. அப்பா நிமிராமல் சாப்பிட்டு முடிப்பார்.

மதியம் ஓட்டலில் மஞ்சள் சோறு வந்தது. ஸ்பூனைத் தள்ளி வைத்துவிட்டுக் கையால் பிசைந்தேன்.

"அப்பா, எல்லாரும் பாக்குறாங்க" என்றான் மகன்.

"பாக்கட்டும்டா. என் கை நாறல."