விலை போகாத கால்பெட்டி

பேசும் படம் வந்து நாடகக்காரர்களின் பிழைப்பில் மண் விழுந்த காலம். தருமபுரியில் கொட்டகை போட்டிருந்த ஒரு நாடகக் கம்பெனி பாதியில் கலைந்துபோய், தன் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றது. புத்தியுள்ளவர்கள் பெஞ்சும் அண்டாவும் வாங்கினார்கள். நான் ஆர்மோனியம் வாங்கினேன். மடியில் வைத்துக்கொள்ளும் சின்னப் பெட்டிகூட இல்லை. காலால் மிதித்துக் காற்றுப் போட்டுக்கொண்டு கையால் வாசிக்கிற, மேசை அளவுக் கால்பெட்டி. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. சர்க்காரில் குமாஸ்தா வேலை கிடைத்திருந்தது. கண்ணாடியில் பார்த்தால் என் நெற்றி ஒரு வித்துவானின் நெற்றி போலவே தெரிந்தது. இந்த மூன்றும் கூடிவிட்டால் ஒருவன் எதைத்தான் வாங்க மாட்டான்!

குரு வைத்துக்கொள்ளவில்லை. காதுதான் குரு என்று எல்லோரிடமும் சொன்னேன். அந்தக் குரு என்னைச் சரளி வரிசையோடு நிறுத்திவிட்டது. கால் மிதிப்பதைக் கவனித்தால் கை நின்றுவிடும். கையைக் கவனித்தால் கால் நின்றுவிடும். இரண்டும் சேர்ந்து ஓடிய சில நேரங்களில் நானே பயந்துபோய் நிறுத்தியிருக்கிறேன்.

கல்யாணம் ஆயிற்று, ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. உலகச் சண்டைக் காலத்தில் என்னைக் கடத்தூருக்கு மாற்றினார்கள். கிடைத்த வீடு ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும். அறையில் பாதி இடம் பெட்டிக்குப் போய்விட்டது. என் மனைவி அதன்மேல் புளிப்பானையை வைத்தாள். நான் ஆபீஸ் விட்டு வந்ததும் பானையை இறக்குவேன். வாசித்து முடித்ததும் அவள் மறுபடி ஏற்றுவாள். அவள் ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. எதிர்வீட்டு அம்மாள்தான் ஒரு சாயங்காலம் கஷாயத்தோடு வந்து நின்றார்.

"பாப்பாவுக்கு ஈளையாங்க? ரொம்ப இழுக்குதே!" என்றார்.

குழந்தை அவர் காலடியிலேயே விளையாடிக்கொண்டிருந்தது. என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு கஷாயத்தை வாங்கி உள்ளே வைத்தாள். அன்றைக்கு முதல் முறையாகப் பெட்டியை விற்றுவிடுவது என்று தீர்மானித்தேன். மறுநாள் காலையில், கலையை அறியாத ஒரு அம்மாளுக்காக விற்பதா என்று ரோஷம் வந்து, வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தேன். இப்படிச் சாயங்காலத்தில் விற்பதும் காலையில் வைத்துக்கொள்வதுமாக ஒரு வருஷம் ஓடியது.

மனைவிக்கு மறுபடியும் மாதம் ஏறியபோது, தொட்டில் கட்ட இடம் வேண்டுமே என்று நிஜமாகவே ஆள் தேடினேன். பக்கத்துக் கிராமத்துப் பஜனைக்காரர்கள் மூன்று பேர் ஆசையோடு வந்தார்கள். பெட்டி நல்ல நிலையில் இருக்கிறது என்று காட்ட வேண்டுமல்லவா? உட்கார்ந்து வாசித்தேன். மூவரும் கைகூப்பிக்கொண்டு கேட்டார்கள். முடிந்ததும் அவர்களில் பெரியவர், "ஜால்ராவே எங்களுக்குப் போதுமுங்க" என்றார். கூப்பிய கையை இறக்காமலே போய்விட்டார்கள்.

"அடுத்த ஆளு வந்தா நீங்க வாசிக்க வேண்டாங்க. சும்மா காட்டுனாப் போதும்" என்றாள் மனைவி.

அடுத்து வந்தவர் ஒரு பாய். தருமபுரிக்காரர், பழைய சுவர்க் கடிகாரம், கிராமபோன் போன்றவற்றை வாங்கிப் பழுது பார்த்து விற்பவர். சந்தைக்கு வந்து போகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரும் சொல்லாமல் தாமாகவே வந்து கதவைத் தட்டினார்.

"போன சந்தையன்னிக்கு மத்தியானம் இந்தத் தெருவுல வந்தனுங்க. இந்த வூட்டுல ஆர்மோனியம் வாசிச்சாங்க. அப்படியே நின்னுட்டேன். என்னா சொகமான பெட்டி! விக்கிறதா இருந்தாச் சொல்லுங்க" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்தது. சந்தை நாள் மத்தியானம் நான் ஆபீஸில் இருந்திருப்பேன் என்ற எண்ணம் அந்த நேரத்தில் பக்கத்திலேயே வரவில்லை. புகழ்ச்சி வாசலுக்கு வந்து நிற்கும்போது நாள் கிழமையெல்லாம் யார் பார்ப்பார்கள்? சமையல்கட்டிலிருந்து மனைவி ஏதோ சைகை காட்டினாள். நான் புளிப்பானையை அவள் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். கண்ணை மூடி, தலையை லேசாக ஆட்டி, முழு மனதோடு வாசித்தேன்.

கண்ணைத் திறந்தபோது பாய் அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது இல்லீங்க" என்றார் மரியாதையாக. "அந்த இன்னொரு பெட்டியக் காட்டுங்க."

"இன்னொரு பெட்டியா? வீட்டில் இருப்பதே இது ஒன்றுதானே!"

"இருக்காதுங்க. நான் கேட்டது வேற பெட்டி."

சமையல்கட்டில் ஏதோ பாத்திரம் உருண்டது. அதைத் தொடர்ந்து, புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாலும் அடங்காத ஒரு சிரிப்பு. பாய்க்கு முன்னால் புரிந்திருக்க வேண்டியவன் நான். அவருக்குத்தான் முதலில் புரிந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கு வர்றனுங்க" என்று எழுந்தார்.

"வண்டியோடு வாருங்கள். விற்றாயிற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

அவர் போனதும் மனைவியைக் கேட்டேன்: "எத்தனை நாளாக நடக்கிறது?"

"பாப்பா தூங்கறப்ப கொஞ்ச நேரம். அவ்வளவுதாங்க."

"யார் சொல்லிக் கொடுத்தது?"

"நீங்கதான்."

கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நீங்க வாசிக்கிறதப் பாத்துக்கிட்டே இருப்பேன். அதையெல்லாம் வுட்டுட்டு மிச்சத்த வாசிச்சேன்" என்றாள். கேலியே இல்லாத குரலில் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

"முன்பே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க அம்புட்டு ஆசையா வாசிக்கிறீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு வுட்டுட்டேன்."

வாசித்துக் காட்டு என்றேன். ஒரு கணக்குப் பரிசோதகனைப் போல ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டுதான் கேட்டேன். அவள் பிறந்த ஊரில் சனிக்கிழமை தோறும் கேட்ட பஜனைப் பாட்டை வாசித்தாள். எத்தனையோ வருஷமாக என்னிடம் இழுத்துக்கொண்டும் இருமிக்கொண்டும் கிடந்த பெட்டி, அவள் கைபட்டதும் ஒழுங்காக மூச்சுவிட்டது. முதலில் பொறாமைதான் வந்தது. இரண்டாவதாகவும் பொறாமைதான். பாட்டு முடியப் போகிறதே என்று கவலை வந்தபோதுதான், பெட்டியை விற்பதாகச் சொல்லிவிட்டது நினைவுக்கு வந்து திக்கென்றது.

மறுநாள் பாயின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் வழக்கத்தைவிட முன்னதாகவே ஆபீஸுக்குக் கிளம்பினேன். மேலதிகாரி அதைக் கடமை உணர்ச்சி என்று பாராட்டினார். சாயங்காலம் திரும்பினால் பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

"வந்தாருங்க. விக்கிறதில்லைன்னு சொல்லிட்டேன்" என்றாள் மனைவி.

"கோபித்துக்கொண்டாரா?"

"இல்லீங்க. நேத்து நீங்க வாசிச்சீங்களே, அந்தப் பெட்டி எங்கியாவது இருந்தா எடுத்துக்கிட்டுப் போங்கன்னேன். வண்டிக்காரனும் அவரும் சிரிச்சுக்கிட்டே போனாங்க."

அதற்குப் பிறகு விற்பதா வேண்டாமா என்ற யோசனை எனக்கு வரவில்லை. வந்தாலும் கேட்பார் இல்லை. மாதம் ஏற ஏற அவளால் கால்மிதியை மிதிக்க முடியாமல் போயிற்று. நான் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மிதியை மாற்றி மாற்றி அழுத்தினேன்.

"மெதுவா. கெணத்துல சால் எறைக்கிற மாதிரி அமுக்காதீங்க" என்று மேலிருந்து உத்தரவு வரும். ஒரு சாயங்காலம் எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார். அன்றைக்குக் கஷாயம் கொண்டுவரவில்லை. மணை ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பையன் பிறந்தான். தொட்டிலைச் சமையல்கட்டு உத்தரத்தில் கட்டினோம். சண்டை முடிந்த கொஞ்ச காலத்தில் பாப்பிரெட்டிப்பட்டிக்கு மாற்றல் வந்தது. ஒரே ஒரு மாட்டுவண்டிதான் கிடைத்தது. பெட்டியை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் பாத்திர மூட்டைகளை முட்டுக்கொடுத்து, மனைவியையும் குழந்தைகளையும் ஏற்றியதும் வண்டி நிறைந்துவிட்டது. நான் புளிப்பானையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

வழியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தினபோது வண்டிக்காரர் என்னைப் பார்த்துவிட்டு என் மனைவியிடம் கேட்டார்: "இம்மாம் பெரிய பெட்டிங்களே, ஐயா நல்லா வாசிப்பாருங்களா?"

அவள் சற்று யோசித்தாள். "ஐயா காத்துப் போடுவாருங்க" என்றாள். "அது ரொம்ப நல்லாப் போடுவாரு."

மாடு குடித்து முடித்ததும் வண்டி கிளம்பியது. நான் பானையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு நடையை எட்டிப் போட்டேன். பாராட்டு வந்த சந்தோஷத்தில் அடுத்த ஊர் வரையில் பாரமே தெரியவில்லை.