அக்கா பேரில் ஒரு சாவு

பல்லடத்தில் நாங்கள் வாடகைக்கு விட்டிருந்த லைன் வீடு ஒன்றில் ஒடிசாப் பெண்கள் சிலர் குடியிருந்தார்கள். எல்லோருக்கும் பனியன் கம்பெனியில் வேலை. போன மழைக்காலத்தில் அவர்களில் சின்னவளுக்குக் காய்ச்சல் கண்டது. நான்தான் ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். தாங்கவில்லை, போய்விட்டாள்.

அவளுக்குப் பதினெட்டு ஆகவில்லை. ஆகாதவர்களைக் கம்பெனியில் எடுக்கமாட்டார்கள் என்று, கல்யாணமாகி ஊரிலிருந்த அக்காவின் ஆதார் அட்டையைக் காட்டி வேலைக்குச் சேர்ந்திருந்தாள். முகஜாடை ஒன்று, யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள்? இந்தப் பக்கம் எத்தனையோ பிள்ளைகள் அப்படித்தான் வருகிறார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டபோது, அவர்களை வேலைக்குக் கூட்டிவந்த ஏஜென்ட் அதே அட்டையை நீட்டினான். செத்தது அக்கா என்று பதிவாகிவிட்டது.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது, அந்த அக்காவே என் வாசலில் வந்து நின்றபோதுதான். செத்தவளின் அதே முகம். நிறைமாத வயிறு வேறு. கூட வந்த புருஷன் முன்பு திருப்பூரில் வேலை பார்த்தவன், தமிழ் தெரியும்.

"ரேஷன் கட் பண்ணிட்டாங்கம்மா. ஊரு ஆஸ்பத்திரில பிரசவத்துக்குப் பேர் எழுத மாட்டேங்கிறாங்க. இவ செத்துட்டாளாம்" என்றான்.

பிரசவத்துக்குள் அவள் உயிரோடிருப்பதை எழுத்தில் வாங்கியாக வேண்டும். இல்லையென்றால் பிள்ளைக்குத் தாய் என்று யாரை எழுதுவது? அதற்குத்தான் அவ்வளவு தூரம் ரயிலேறி வந்திருந்தார்கள்.

பிறப்பு இறப்புப் பதிவு ஆபீசுக்கு நானே கூட்டிப் போனேன்.

"ஏனுங்க சார், ஆளு முன்னால நிக்குது. இதைவிட என்னங்க சாட்சி வேணும்?"

"கோவிச்சுக்காதீங்க. இவங்கதான் அவங்கன்னு அவங்க ஊரு ஆபீஸ்ல எழுதி வாங்கிட்டு வரோணுங்க" என்றார் அங்கிருந்த அதிகாரி.

"அங்க கேட்டா, தமிழ்நாட்டுல பதிஞ்சது, அங்கயே போய் அழிச்சுட்டு வாங்கன்னு சொல்றாங்க சார்" என்றான் புருஷன்.

"அழிக்கோணும்னா செத்தது தங்கச்சின்னு காட்டோணுமில்லீங்க. அந்தப் புள்ளையோட பிறப்புச் சான்றிதழ், ஆதார், ஏதாச்சும் இருக்குதுங்களா?"

ஒன்றும் இல்லை. வீட்டில் பிறந்தவள், எங்கும் பதியவில்லை. பள்ளிக்கூடம் பக்கமும் போனதில்லை.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. செத்த சேதியை மாநிலம் விட்டு மாநிலம் தட்டிவிடத் தெரிகிறது, ஆள் இங்கே நிற்கிறாள் என்று ஒரு போன் போட ஆளில்லை. "சாவு போறதுக்கு ரோடு இருக்குது, உசுரு வர்றதுக்கு இல்லீங்களா?" என்று கேட்டே விட்டேன். அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நீட்டி மனு எழுதச் சொன்னார். நல்ல மனுஷன்தான், அவர் கையிலும் ஒன்றுமில்லை. அது இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

மனு கொடுத்தோம். பல்லடத்துக்கும் திருப்பூருக்கும் பஸ்ஸில் அலைந்தோம். பதில் வருவதற்கு முன்னால் வலி வந்துவிட்டது.

அதே ஆஸ்பத்திரி. பெண் குழந்தை. நர்ஸ் வந்து தாயின் பெயரைக் கேட்டாள். புருஷன் என்னைப் பார்த்தான். படுத்திருந்தவளே சொன்னாள், தங்கையின் பெயரை. நர்ஸுக்குப் புரியவில்லை என்று நிறுத்தி நிதானமாக மறுபடியும் சொன்னாள்.

"ஆதார் அட்டை?"

"அப்புறம்" என்றான் புருஷன்.

நர்ஸ் எழுதிக்கொண்டு போனாள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்தச் சின்னவளின் பெயரை அரசாங்கத் தாளில் ஒருவர் எழுதியது அதுதான் முதல் தடவை.