ஈரம் காயாத எண்பத்திரண்டு

மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரும் அவளைத் தராசக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடம் குடுவையும் கையுமாக நின்றவள். கூடத்தின் தலைவர் அவளுடைய சொந்த அண்ணன். அப்பா போன பிறகு தன் வயிற்றைக் கட்டி அவளைப் படிக்க வைத்தவர். அந்த அண்ணன் நீட்டிய பேனாவைத்தான் அன்றைக்கு அவள் வாங்க மறுத்தாள்.

வலிக்கான புதிய மூலக்கூறு ஒன்றை ஏழு படிகளில் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் படி யாருக்கும் சரியாக வரவில்லை. மேலிடத்துக் கூட்டம் நெருங்கவே, பல வருடம் கழித்து அண்ணனே கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினார். வெள்ளைத் தூள் வந்தது. எடை போட்டார். ஒரு துளியும் வீணாகாமல் வந்தால் நூறு, இவருக்கு வந்தது எண்பத்திரண்டு! கூடமே கைதட்டியது. எண் குறிப்பேட்டில் ஏறியது. சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியவள் தங்கை.

அவள் குப்பியைச் சாய்த்துப் பார்த்தாள். தூள் கண்ணாடியில் அப்பியது. வெற்றிட அடுப்பில் காயவைத்து, மணிக்கொரு தரம் எடை பார்த்தாள். இறங்கி இறங்கி ஐம்பத்தொன்றில் நின்றது. போனதெல்லாம் தூளைக் கரைக்க ஊற்றிய வெறும் கரைப்பான் திரவம். அவசரத்தில் அண்ணன் ஈரத்தோடு எடை போட்டுவிட்டார். பழகிய கைக்கும் வருகிற தவறுதான். ஒப்புக்கொள்ளத்தான் அவருக்கு மனம் வரவில்லை.

“அத்தனை பேர் கைதட்டினப்புறம் என் மூக்கை அறுக்கறியே. ஒரு கையெழுத்து, அண்ணனுக்காகப் போடக் கூடாதா?”

“உயிரைக் கேளுங்கண்ணா, தரேன். இந்தத் தூளைத் தின்னு சோதனை எலி செத்தா, மருந்தால செத்துச்சா கரைப்பானால செத்துச்சான்னு யார் சொல்றது? போட மாட்டேன்.”

மறுநாளே அவளை ஆய்வு மேசையிலிருந்து எடுத்து, புதிதாகச் சேர்ந்த பன்னிரண்டு பேருக்குப் பாடம் நடத்த அனுப்பினார். அண்ணி போனில் அழுது தீர்த்தாள். தையல்காரரான கணவரோ, உன் அண்ணன் தண்டனை கொடுத்தாரா பரிசு கொடுத்தாரா என்று கேட்டுவிட்டு ஊசியில் நூல் கோத்தார். அவள் சிரித்தாள், கண் மட்டும் சிரிக்கவில்லை.

வகுப்பில் அவள் புத்தகத்தையே திறக்கவில்லை. அதே கடைசிப் படியைப் பன்னிரண்டு பேரிடமும் கொடுத்தாள். அடுத்தடுத்த இரண்டு எடையும் ஒன்றாக இருக்கும்வரை காயவைக்கச் சொன்னாள். மூன்றாம் நாள் பலகையில் எண்கள் ஏறின. நாற்பத்தெட்டு, நாற்பத்து நான்கு, ஐம்பத்து மூன்று. ஒருத்திக்குக் குடுவையில் தார்தான் மிஞ்சியது. சைபர் என்று அதையும் எழுத வைத்தாள். ஐம்பத்து மூன்றை யாரும் தாண்டவில்லை.

வாசலில் அண்ணன் நின்றிருந்தார். பலகையை அழிக்கும்படி மெல்லச் சொன்னார்.

“அழிக்க மாட்டேன்ணா. வேணும்னா உங்க எண்ணையும் எழுதுங்க. எப்படி வந்துச்சுன்னு நீங்களே இவங்களுக்குச் சொல்லுங்க.”

அவர் முகம் வெளுத்தது. திரும்பி நடந்தார்.

சாயங்காலம் குறிப்பேடு அவள் மேசைக்கு வந்தது. எண்பத்திரண்டின் மேல் ஒரு கோடு. பக்கத்தில் ஐம்பத்தொன்று, அண்ணனின் கையெழுத்து. மன்னிப்பென்று ஒரு வார்த்தை இல்லை. பொங்கி வந்த கண்ணீரைப் புறங்கையால் துடைத்துவிட்டு அவள் சாட்சிக் கையெழுத்தைப் போட்டாள்.

பழைய மேசைக்குத் திரும்பலாம் என்று அவர் சொல்லி அனுப்பியபோது, அவளுக்கு வகுப்பு இருப்பதாகப் பதில் போனது.