கன்னத்தில் வந்த வெள்ளைத் திட்டு

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. கல்யாணமாகித் திருப்புலி நாட்டிலிருந்து எடப்புளி நாட்டுக்கு வந்த முதல் மார்கழியில், என் கன்னத்தில் வெளிறிய திட்டு ஒன்று தெரிந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. பெருநோய் என்கிற தொழுநோய் கண்ட ஒருவரை ஊருக்கு வெளியே தனிக் குடிசையில் வைத்திருந்ததைப் பார்த்தவள் நான். என்னையும் அப்படி அனுப்பிவிடுவார்களோ என்று முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டே திரிந்தேன். என் நாத்தனார் தினமும் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும் அரப்புத் தூள் போட்டு முகம் கழுவுவாள். திட்டுப் போகட்டும் என்று நானும் அதையே காலையும் மாலையும் போட்டுத் தேய்த்தேன். அது இன்னும் பரவியது.

ஒருநாள் ஓடையில் முகம் கழுவும்போது நாத்தனார் பார்த்துவிட்டாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து என் முகத்தைப் பிடித்தாள்.

"கண்ண மூடுங்க அண்ணி." என்றாள்.

திட்டின் மேல் ஒரு முள் குத்தியது.

"வலிக்குதுங்களா?"

"ஐயோ, வலிக்குது!" என்று கத்தினேன்.

"அப்ப அது இல்லீங்க. அந்த நோவுன்னா குத்தறது தெரியாதுங்க" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு கன்னத்தைத் தடவினாள். "சொரசொரன்னு காஞ்சு கெடக்குது. எம்மூஞ்சி எண்ணெ வழியற மூஞ்சி, அரப்பு ஒத்துக்குது. உங்களுக்கு ஆகாதுங்க."

அன்றோடு அரப்பை நிறுத்தினேன். வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் காய்வதற்குள் துளி விளக்கெண்ணெய் தடவினேன். பனிக்காலம் முடிவதற்குள் திட்டு மறைந்துவிட்டது.

தொட்டாலே அந்த நோய் ஒட்டிக்கொள்ளும் என்று எல்லாரும் நம்பிய காலம் அது. அவளும் நம்பினாள். இருந்தும், என்ன நோய் என்று தெரிவதற்கு முன்பே என் முகத்தைப் பிடித்தாள்.