டாக்டருக்குக் காட்டாத உள்ளங்கால்

என் வீட்டுக்காரர் பேர் காத்தான். பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வேலை. இருபத்தெட்டு வருசத்தில் ஒரு நாளும் செருப்புக் காலோடு கொடிக்காலுக்குள் போனவரில்லை. எங்கள் பக்கம் யாரும் போக மாட்டோம், கொடி இருக்கிற இடம் கோயில் மாதிரி. போன ஐப்பசியில் வெட்டிப்போட்ட அகத்திக் குச்சி அவர் வலது உள்ளங்காலில் ஏறிவிட்டது. சர்க்கரை வியாதிக்காரர், குத்தியதே தெரியவில்லை. பாயில் ரத்தக்கறை பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன்.

சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் உள்ளங்காலை அறுத்துச் சீழ் எடுத்தார்கள். சுண்டுவிரலும் போயிற்று. டாக்டர் தமிழரசு சின்ன வயசு, தங்கமான பிள்ளை. "ரெண்டு பஸ் மாறி வர வேண்டாம், நடக்கவே கூடாது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் போன் வீடியோல காட்டுங்க, பாத்துக்கறேன்" என்றார். கட்டு மாற்ற நர்ஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

முதல் வெள்ளிக்கிழமை மகள் மலர்விழி வந்து போனைப் பிடித்தாள். இவர் திருநீறு பூசி, சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். விரல் எடுத்த இடத்தைக் காட்டினார்.

"நல்லா ஆறுது. அடிப்பக்கம் காட்டுங்க ஐயா" என்றார் டாக்டர்.

இவர் காலை மடக்கிக்கொண்டார். "அதும் தேவலைங்க சாமி. வலியே இல்லீங்க."

அதற்குள் படம் அப்படியே நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது, "அடுத்த வாரம் கண்டிப்பாக் காட்டணும்" என்று சொல்லி டாக்டர் போனை வைத்துவிட்டார்.

"ஏப்பா காட்டல?" என்றாள் மகள்.

"காப்பாத்துன மனுசன் மூஞ்சிக்கு நேரா உள்ளங்காலை நீட்டச் சொல்றியா?"

"அப்பா, அது போனுப்பா!"

"போனுலதானே கண்ணு அவரு மூஞ்சி தெரியுது?"

"ஆஸ்பத்திரியில பாத்தாருல்ல?"

"அங்க அவராத் தூக்கிப் பாத்தாரு. நானா நீட்டல."

அன்றைக்குச் சிரித்துவிட்டோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் மட்டும்தான். கட்டை அவிழ்த்தால் உள்ளங்கால் ஓரம் கறுத்து, நசநசவென்று இருந்தது. "ஏனுங்க, டாக்டர்கிட்டச் சொல்லிப்போடலாமுங்க" என்றேன்.

"வலிக்கலீன்னா ஆறுதுன்னுதான புள்ள? பேசாம இரு."

டாக்டர் கேட்டார், அடிப்பக்கம் ஈரம் இருக்கிறதா என்று. இவர் இல்லீங்க என்றார். எனக்கு வார்த்தை வாய்வரைக்கும் வந்தது. புருசனை இன்னொருத்தர் முன்னால் பொய்யனாக்க மனசு வரவில்லை. பொய்யாக எதற்குச் சொல்ல வேண்டும், உள்ளங்காலை நீட்டுவது எனக்கும் மரியாதைக் குறைவாகத்தான் பட்டது. போனை மேல்பாதத்துக்கே பிடித்துவிட்டு, மாரியம்மனுக்கு விளக்குப் போட்டேன். ஆத்தா கண் கொடுத்திருந்தாள், பார்த்ததைச் சொல்லாதது நான்தான்.

நாலாம் நாள் காய்ச்சல் கொதித்தது. கட்டை அவிழ்க்கும் முன்னாலேயே நாற்றம். ஆம்புலன்ஸில் சேலம் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"ரெண்டு வாரமும் கேட்டனேம்மா?" என்றார் டாக்டர். காரணத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "நான் விடாமக் கேட்டிருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபின் மறுபடியும் வெள்ளிக்கிழமை நாலு மணி. எடுத்த இடத்தைக் காட்ட இவருக்கு இப்போது கூச்சமில்லை. "நேராப் புடி புள்ள, அதுலதான் பாதமில்லையே" என்றார். டாக்டர் பார்த்து முடித்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஐயா, சர்க்கரை இருக்கறதால இன்னொரு காலும் பாக்கணும். அடிப்பாதம்" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். நான் போனை விலக்கவில்லை. ரெண்டு கையும் சேர்த்து டாக்டரைக் கும்பிட்டார்.

"மன்னிச்சுக்கோங்க சாமி" என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு, இடது உள்ளங்காலை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கினார். அந்தக் காலை நான் ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டேன்.