திறந்துவிட்ட குழாய்

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு அந்த வருஷம் லாரித் தண்ணீர்தான். அரிசி களைய ஒரு சொம்பு கூடுதலாக எடுத்தாலே என் மாமியார், "தண்ணி என்ன கொட்டியா கிடக்கு?" என்பார்.

தீராத மனப்பதற்றத்துக்கு நான் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் குணம் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் நெஞ்சு படபடக்கும். இதோ செத்துவிடப் போகிறேன் என்று தோன்றும். பாத்ரூமில் தாழிட்டுக்கொண்டு, அழுகை வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிடுவேன். ஆனால் டாக்டர் கேட்டால் மட்டும், "பரவாயில்லை டாக்டர்" என்பேன். அவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறவரிடம் உங்கள் மருந்து பலிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

ஒருமுறை கணவர் ஊரில் இல்லாததால் டாக்டரிடம் போக மாமியார் துணைக்கு வந்தார். அன்றும் "பரவாயில்லை" என்றேன்.

"பொய் சொல்றா டாக்டர்," என்றார் மாமியார். "தினம் பாத்ரூம்ல உக்காந்துண்டு அழறா. நானும் கதவுக்கு வெளியில உக்காந்துண்டிருக்கேன். இந்த மாத்திரை இவளுக்குச் சரிப்படலை. வேற ஏதாவது பண்ணுங்கோ."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இந்த முறை நான் மறைக்காமல் சொன்னதையெல்லாம் கேட்டார். மருந்தை மாற்றினார், வாராவாரம் வந்து பேசச் சொன்னார்.

ஆட்டோவில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு சொம்புத் தண்ணீருக்குச் சண்டை பிடிக்கிறவர், இத்தனை மாதமாக அந்தக் குழாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

புது மருந்தும் உடனே கேட்டுவிடவில்லை. மறுநாளே படபடப்பு வந்தது. நான் குழாயைத் திறக்கவில்லை. கூடத்தில் மாமியார் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன்.